உறுப்பினர் பட்டியலில் இல்லாதவர்

எங்கள் ஸ்கூபா கிளப்பில் இருபத்தெட்டுப் பேர். அதில் இருபத்தேழு பேருக்குக் கடலுக்கு அடியில் மூச்சு விடத் தெரியும். ஒருவருக்குத் தெரியாது. அந்த ஒருவர் இல்லாவிட்டால் மற்ற இருபத்தேழு பேருக்கும் மூச்சே கிடையாது.

காற்றுக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் சொல்வோம். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அவர் கடைப் பலகையைப் பார்த்தால்தான் அது எனக்கு நினைவுக்கு வரும். இதை எழுதவே கூசுகிறது. ஆனால் இங்கே நான் எழுதப்போவதில் கூசாமல் எழுதக்கூடியது அதிகம் இல்லை.

பேருந்துப் பணிமனைக்கு எதிரே அவருடைய பஞ்சர் கடை. முன்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, சுவரில் மாட்டிய பழைய டயர்கள், சக்கரத்துக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர். பின்னறையில் இன்னொரு கம்ப்ரஸர். அதுதான் எங்களுடையது, மனிதர் சுவாசிக்கிற காற்றைச் சிலிண்டரில் அடைக்கிற எந்திரம். கடை அழுக்கு அந்த அறை வாசலைத் தாண்டாது. செருப்பை வெளியே விட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவார். நிரப்பி முடித்ததும் ஒவ்வொரு சிலிண்டரின் வாயையும் லேசாகத் திறந்து மோந்து பார்ப்பார். துளி எண்ணெய் வாடை அடித்தாலும் முழுவதையும் திறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். எங்கள் ஆட்களுக்கு எப்போதும் அவசரம். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் படகு கிளம்ப வேண்டும், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சிலிண்டரைக் கொண்டுவந்து இறக்குவார்கள். "சீக்கிரம் அடிச்சுக் கொடுங்கண்ணே" என்றால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

"அவசரமா அடிச்சா சூடாகும். சூடு ஆறினா அழுத்தம் இறங்கிடும். பாதி வழியில மூச்சு நின்னு போனா, அப்புறம் என்னைத் திட்டக்கூட உங்களால முடியாது."

அவர் முங்கிப் பார்க்காமல் இல்லை. ஆரம்பத்தில் ஒருமுறை நீச்சல் குளத்தில் இறக்கியிருக்கிறார்கள். இரண்டு ஆள் ஆழம்கூடப் போகவில்லை, காது அடைத்துக்கொண்டு வலி உயிர் போயிருக்கிறது. மேலே வந்து, "என் காது என்னை மேலயே இருக்கச் சொல்லுது" என்று சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டார். ஆனால் இருபத்திரண்டு வருடமாக ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் படகில் வருகிறார், படகு முழுக்க அவர் பொறுப்பு. இறங்கும்போது தலைகளை எண்ணுவார். ஏறும்போது எண்ணுவார். நடுவில் ஒரு முக்கால் மணி நேரம் தண்ணீரில் வருகிற குமிழிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கீழே நாங்கள் மீன் பார்த்துக்கொண்டிருப்போம், மேலே அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைப் பலகையின் கீழ் மூலையில், சின்ன எழுத்தில், 'ஸ்கூபா கிளப் உறுப்பினர்' என்று அவரே பெயின்ட் வைத்து எழுதியிருந்தார். பஞ்சர் ஒட்ட வருகிறவனுக்கு அதனால் என்ன ஆகப்போகிறது என்று நாங்கள் கேலி செய்வோம். அவரும் சிரிப்பார், ஆனால் பலகைக்குப் புதுப் பெயின்ட் அடிக்கும்போதெல்லாம் அந்த வரியையும் மறுபடி எழுதுவார்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாகக் கிளப்புக்குச் செயலாளர். சீட்டை மூன்று முறை படிக்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்க மாட்டேன் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் இன்ஷூரன்ஸ் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

அது பொறுப்புக் காப்பீடு. நம் உடம்புக்கு ஏதாவது ஆனால் கிடைப்பது அல்ல. நம்முடைய கவனக்குறைவால் அடுத்தவருக்கு அடிபட்டால், அவருக்கு நாம் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டை நமக்காகக் கம்பெனி கொடுக்கும். கிளப்பின் எல்லா உறுப்பினருக்கும் சேர்த்து ஒரே பாலிசி. வருடா வருடம் புதுப்பிக்கும்போது பெயர்ப் பட்டியல் அனுப்ப வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று கால் மணி நேரம் இதைப் பற்றிப் பேசுவேன். என் பேச்சின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். "தப்பு நடந்தா மறைக்காதீங்க. உடனே சொல்லுங்க. சொன்னா உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல, கம்பெனி பாத்துக்கும்." சொல்லிவிட்டு எல்லோரையும் ஒரு பார்வை வேறு பார்ப்பேன்.

அன்றைக்கு ஞாயிறு, மத்தியானம் ஆகப்போகும் நேரம். கீழே நான் ஒரு திருக்கை மீனைப் பார்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெரியதைப் பார்த்ததில்லை. எனக்கும் மணலுக்கும் நடுவில், அவசரமே இல்லாமல், சிறகை அசைத்து அசைத்துப் போயிற்று. வேறு யார் கண்ணிலும் படவில்லை. மேலே வந்து சொல்ல வேண்டுமே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எங்கள் படகில் வழக்கம் இதுதான். ஏறினவர் சிலிண்டரைக் கழற்றிக் காற்றுக்காரர் கையில் கொடுப்பார். அவர் அதைச் சட்டத்தில் படுக்கவைத்துப் பட்டையை இழுத்து மாட்டுவார். கையில் கொடுக்கும்வரை சிலிண்டர் கழற்றினவர் பொறுப்பு. இந்த விதியை எழுதி, அட்டையில் ஒட்டி, படகில் தொங்கவிட்டதே நான்தான். அன்று நான் ஏறியபோது அவர் படகின் பின்பக்கம் இன்னொருவரைக் கயிறு பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் வரும்வரை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இல்லை. சிலிண்டரை பெஞ்சில் சாய்த்து நிற்கவைத்தேன். வைத்துவிட்டு, இரண்டு கையையும் முடிந்த மட்டும் விரித்து, "இவ்ளோ அகலம்" என்றேன்.

தூரத்தில் ஒரு பயணிகள் கப்பல் போயிருந்தது. அதன் அலை அப்போதுதான் எங்களிடம் வந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எங்கள் கிளப்பில் ஒரு பல் டாக்டர் உண்டு, அவர் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார், வலது கை படகின் விளிம்பில். சிலிண்டர் நேராக அந்தக் கைமேல் விழுந்தது.

அவர் கத்தவில்லை. "கை," என்றார். மறுபடி, "என் கை," என்றார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

காற்றுக்காரர்தான் பாய்ந்து வந்தார். சிலிண்டரைத் தள்ளி, டாக்டரைத் தூக்கி மேலே போட்டு, துண்டில் ஐஸ் கட்டி கையைச் சுற்றினார். துறைக்கு வரும்வரை அந்தக் கையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடியே இருந்தார். துறையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"நிக்க வெச்ச சிலிண்டர் சாஞ்சிடுச்சு," என்றார் காற்றுக்காரர். "என் படகுல நடந்தது. என் தப்புதான்."

யார் நிற்கவைத்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் வாய் திறக்கவில்லை. பயத்தால் என்று சொன்னால் அது பொய். வெட்கம். அட்டையில் விதி எழுதி ஒட்டினவன், மேடையேறி உபதேசம் செய்தவன், ஒரு மீன் கதைக்காகச் சிலிண்டரைக் கைவிட்டான் என்று இருபத்தாறு பேர் முன்னால் சொல்ல முடியவில்லை. அவ்வளவு அற்பமான காரணம்.

மூன்றாம் நாள் கம்பெனியின் படிவத்தை நிரப்ப அவரை என் கடைக்கு வரச்சொன்னேன். அதற்குள் ஒரு சப்பைக்கட்டைக் கட்டி முடித்திருந்தேன். யார் பெயரில் எழுதினால் என்ன, கொடுக்கப்போவது கம்பெனிதானே? அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எனக்கு மானம் மிச்சம். டாக்டருக்கு ஈடு கிடைத்துவிடும். இதில் யாருக்கு என்ன கெடுதல்? இப்படி யோசிக்கிறபோது எல்லாம் எவ்வளவு சுத்தமாகப் பொருந்துகிறது.

'விபத்துக்குப் பொறுப்பானவர்' என்ற கட்டத்தில் அவர் தன் முழுப் பெயரையும் குண்டு குண்டாக எழுதினார். அடுத்த கட்டத்தில் விரலை வைத்தார்.

"உறுப்பினர் எண்ணுன்னு கேட்டிருக்கே தம்பி. என் நம்பர் என்ன?"

"ரிஜிஸ்டரைப் பாத்து நான் போட்டுக்கறேன்ணே. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

போட்டார். பேனாவைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "வேற ஏதாவது எழுதணுமா தம்பி?"

"வேற ஒண்ணும் இல்லண்ணே."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"எல்லாம் சரியா இருக்குண்ணே," என்று சொல்லிவிட்டு, காத்திருந்த ஒரு வாடிக்கையாளரிடம் இருமல் மருந்தைப் பற்றிப் பேசப் போனேன். எண்ணைத் தேட ரிஜிஸ்டரைத் திறந்தேன். இருபத்தேழு பெயர்கள், இருபத்தேழு எண்கள். அவர் பெயரைக் காணவில்லை. பழைய ரிஜிஸ்டரில் இருக்கும் என்று நினைத்தேன், அதைத் தேடச் சோம்பல். கட்டத்தைக் காலியாக விட்டே அனுப்பினேன்.

டாக்டருக்கு இரண்டு விரல் எலும்பு நொறுங்கி, ஒரு நரம்பும் அறுந்திருந்தது. ஊசி நுனியை மயிரிழை பிசகாமல் பிடிக்க வேண்டிய கை. பார்க்கப் போனபோது அவருடைய கிளினிக்கில் நாற்காலிமேல் உறை போட்டு மூடியிருந்தது. அவர் மனைவி வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, நோயாளிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து வேறு டாக்டரிடம் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் இடது கையால் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"காத்துக்காரர் மேல எனக்குத் துளி கோபம் இல்ல. அவர்கிட்ட சொல்லுங்க. இதுக்குத்தானே இன்ஷூரன்ஸ் வெச்சிருக்கோம்," என்றார். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

முப்பத்தெட்டாம் நாள் கடிதம் வந்தது. விபத்துக்குப் பொறுப்பானவராகக் குறிப்பிடப்பட்டவர் எங்கள் உறுப்பினர் பட்டியலில் இல்லை. உறுப்பினர் அல்லாத உதவியாளர் யாரும் இல்லை என்றும் கிளப் எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆகவே நஷ்ட ஈட்டுக்குக் கம்பெனி பொறுப்பில்லை, அது சம்பந்தப்பட்டவரின் சொந்தப் பொறுப்பு.

பழைய ரிஜிஸ்டர்களை அன்றைக்குத்தான் எடுத்துப் பார்த்தேன். முதல் வருடத்திலேயே தீர்மானம் இருந்தது. 'காற்று நிரப்பும் அன்பரின் உழைப்பைக் கருதி, அவரிடம் சந்தா வாங்குவதில்லை என ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது.' கைதட்டியிருப்பார்கள். அன்றே அவருக்குக் கிளப் சட்டை கொடுத்திருக்கிறார்கள். சந்தா கட்டினால்தான் ரிஜிஸ்டரில் ஏறும், ரிஜிஸ்டரில் இருந்தால்தான் உறுப்பினர். அதை ஒருவரும் யோசிக்கவில்லை. மரியாதை செய்கிறோம் என்று நினைத்து அவரை வெளியிலேயே நிறுத்திவிட்டோம்.

அது அந்தக் காலத்து ஆட்களின் தப்பு. என்னுடையது வேறு. புதுப்பிக்கும் படிவத்தில் ஏழாவது கேள்வி, 'உறுப்பினர் அல்லாத உதவியாளர் எவரேனும் படகில் பணிபுரிகிறார்களா?' ஆம் என்றால் அவருக்குத் தனிப் படிவம், தனிக் கையெழுத்து. ஆறு வருடமும் 'இல்லை' என்று எழுதியது என் கை. முந்தைய வருடத்துப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதினேன். மூன்று முறை படிக்கிறவன் இதை ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

அன்று சாயங்காலமே டாக்டர் என் கடைக்கு வந்தார். கட்டுப் போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஏதோ அவர்தான் தப்புச் செய்தவர் மாதிரி நின்றார். "வக்கீல் சொல்றாரு, இனி அவர் மேலதான் கேஸ் போடணுமாம். கடையும் பின்னால இருக்கற வீடும் அவர் பேர்லதான் இருக்காம். எனக்கு மனசே இல்ல. ஆனா எனக்கும் வேற வழி தெரியல."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தெட்டு நாளில் முதல் முறையாக ஒருவரிடம் சொல்கிறேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க மெம்பரா?"

"ஆமா."

"நிக்க வெச்சது நீங்க."

"ஆமா."

"அப்ப நீங்கதான்னு சொன்னா கம்பெனி கொடுத்துடும். டாக்டருக்கும் கிடைக்கும், காத்துக்காரர் வீடும் தப்பிக்கும். இதுல என்ன யோசனை?"

"நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"நாலு பேரை விடுங்க. அந்த ஒருத்தர் இத்தனை நாளா என்ன நினைச்சுக்கிட்டிருக்காரு?"

நான் நிற்கவைத்ததை அவர் பார்க்கவில்லை என்றேன். அவள் என் சட்டையை எடுத்து மடித்து வைத்தாள்.

நாற்பதாம் நாள் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாவது மாடி. விசாரணை அதிகாரி சின்ன வயசுப் பெண். மேஜை விசிறியில் காகிதம் பறக்காமல் இருக்க ஸ்டேப்ளரையும் பஞ்சிங் மிஷினையும் மேலே வைத்திருந்தார். படிகளில் மனப்பாடம் செய்துகொண்டே வந்ததை ஒப்பித்தேன். சிலிண்டரை நிற்கவைத்தது நான். மறைத்தது நான்.

அவர் முழுவதையும் கேட்டுவிட்டுப் புன்னகை செய்தார். "சார், எங்க லெட்டர் உங்களுக்கு எப்ப வந்துச்சு?"

"முந்தாநாள்."

"ரெண்டே நாள்ல ஞாபகம் வந்துடுச்சு."

"ஞாபகம் எப்பவும் இருந்துச்சு மேடம். சொல்லல."

"உங்களுக்கு நல்ல மனசு சார். பாவம், ஏழை மனுஷன் வீடு போயிடக் கூடாதுன்னு நினைக்கறீங்க. எல்லா கிளப்லயும் இப்படி ஒரு நல்லவர் இருப்பாரு. ஆனா இதுக்கு எங்க பாஷையில மோசடின்னு பேரு. அவரே தன் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. நேர்ல பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

இல்லை என்று சொல்ல வந்தேன். மனைவி மடித்த சட்டையைத்தான் போட்டிருந்தேன். "அவரே பாத்திருக்கலாம்," என்றேன்.

"அப்ப அவர் வந்து சொல்லட்டும். நீங்க சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்தா எனக்குத் தெரிஞ்சிடும், அதையும் சொல்லிடறேன்."

நான் எழுந்ததுமே அதிகாரி கிளப் தலைவரைப் போனில் விசாரித்திருக்கிறார். பாதிப் படி இறங்குவதற்குள் போன் வந்தது. "அடுத்தவன் பழியைத் தன் தலையில போட்டுக்கறதுக்குப் பெரிய மனசு வேணும்யா. நம்ம கிளப்புக்கே பெருமை," என்றார். "இல்ல சார், நிஜமாவே நான்தான்," என்றேன். "அப்படித்தான் சொல்லணும், அப்படியே சொல்லிட்டிருங்க," என்று சிரித்தார். என் வாழ்க்கையில் என்னை யாரும் அவ்வளவு பாராட்டியதில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனுஷன் கூனிக்குறுகி உண்மையைச் சொன்னால், அதற்கும் மாலை போடுகிறார்களே.

நேராகப் பஞ்சர் கடைக்குப் போனேன். அவர் தொட்டி முன்னால் குந்தி, ஒரு சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு அந்தச் சிலிண்டரை நிக்க வெச்சது நான்."

"தெரியும்," என்றார். டியூபைக் கொஞ்சம் திருப்பினார். "நீங்க ரெண்டு கையையும் விரிச்சப்பவே பாத்துட்டேன். பிடிக்கத்தான் ஓடி வந்தேன். ரெண்டு எட்டு வெக்கறதுக்குள்ள விழுந்துடுச்சு."

"அப்புறம் ஏண்ணே உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"என் படகுல நடந்தா என் தப்புதான். அது ஒரு கணக்கு. நிக்க வெச்சது யாருன்னு சொல்ல வேண்டியது நிக்க வெச்சவங்க. துறையில சொல்லுவீங்கன்னு நினைச்சேன். சரி, கூட்டம் இருக்கு, கூச்சப்படறாருன்னு விட்டேன். ஃபாரம் எழுதறப்ப ரெண்டு தரம் கேட்டேன்." குமிழி வந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். "இப்ப என்ன வந்துச்சு?"

இதைத்தான் சொல்ல முடியாமல் இருந்தது. ஆனாலும் சொன்னேன். பட்டியல், சந்தா, தீர்மானம், ஏழாவது கேள்வி. வழக்கு, வீடு. நேரில் பார்த்தவர் வந்து சொல்லட்டும் என்று இன்ஷூரன்ஸ் அதிகாரி கேட்டது. அவர் வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நான் மெம்பர் இல்லையா?"

"ரிஜிஸ்டர்ல இல்லண்ணே."

"இருபத்திரெண்டு வருஷமாவா?"

"உங்ககிட்ட சந்தா வாங்கறது மரியாதை இல்லன்னு அப்ப இருந்தவங்க…"

"மரியாதை," என்றார். டியூபைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே தம்பி. என்னால கொடுக்க முடியாததா அது?"

எனக்குத் தலை நிமிரவில்லை. உள்ளேயிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "யாரு, செக்ரட்டரி தம்பியா? டீ போடவா?"

"வேணாம். அவர் கிளம்பறாரு," என்றார் காற்றுக்காரர்.

எழுந்தேன். தெருவுக்கு வந்த பிறகு பின்னாலிருந்து சொன்னார். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்? டாக்டர் கைக்காக வரேன். எனக்காகன்னு நினைச்சுக்காதீங்க. உங்களுக்காகன்னும் நினைச்சுக்காதீங்க."

மறுநாள் பத்து மணிக்கு எனக்கு முன்னால் வந்து இன்ஷூரன்ஸ் அலுவலக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அதிகாரி அவரை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். எந்தச் சிலிண்டர், எந்த பெஞ்ச், அலை எந்தப் பக்கம். அவர் சுருக்கமாகப் பதில் சொன்னார். அப்படியானால் முதலில் ஏன் பொய் சொன்னீர்கள் என்றார் அதிகாரி.

"பொய் சொல்லல மேடம். படகு என் பொறுப்பு, அதைச் சொன்னேன். நிக்க வெச்சது யாருன்னு யாரும் கேக்கல. உங்க ஃபாரத்துலயும் அந்தக் கேள்வி இல்ல."

அதிகாரி எழுதினார். அவர் நம்பவில்லை என்பது எழுதுகிற வேகத்திலேயே தெரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய கதை, மேலே அனுப்புவோம், அவர்கள் நிராகரிக்கட்டும் என்கிற மாதிரி எழுதினார். முடித்துவிட்டுப் படித்துக் காட்டினார். கடைசியில் ஒரு வரி வந்தது. 'கிளப் செயலாளர் தாமாக முன்வந்து உண்மையைத் தெரிவித்தார்.'

"மேடம், அந்த ஒரு வரி சரியில்ல," என்றார் காற்றுக்காரர்.

"எது?"

"தாமாக முன்வந்துன்னு எழுதியிருக்கீங்களே, அது. அவர் தானா வரல. நேத்து அவர் இங்க வந்தப்ப நாப்பது நாள் ஆயிடுச்சு. துறையில அவர் சொல்லுவாருன்னு பாத்தேன். மூணாம் நாள் அவர் கடையில ரெண்டு தரம் கேட்டேன், ஒண்ணும் இல்லன்னாரு. அப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் படகுல என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. இப்ப என் பேர் லிஸ்டுல இல்லன்னு லெட்டர் வந்துச்சு, அதனால வந்தாரு. என் பேர் லிஸ்டுல இருந்திருந்தா இவர் வந்திருக்கவே மாட்டாரு. உண்மையை எழுதறதுன்னா முழுசா எழுதுங்க."

குரலில் கோபம் இல்லை. அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று மீட்டரைப் பார்த்துச் சொல்கிற குரல்தான்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவரை முதல் முறையாகச் சரியாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முந்தின நாள் இருந்த புன்னகை இல்லை. நல்லவரைப் பார்க்கிற பார்வை போய், உள்ளதை உள்ளபடி பார்க்கிற பார்வை வந்திருந்தது.

"இவர் சொல்றது சரியா சார்?"

"சரிதான்."

"எல்லாமே?"

"எல்லாமே சரிதான் மேடம். லிஸ்டுல இருந்திருந்தா வந்திருக்க மாட்டேன்."

அதிகாரி பேனாவை மறுபடி எடுத்தார். "இவரைக் காப்பாத்தணும்னு கதை கட்டி வந்தவர் இப்படி ஒத்துக்க மாட்டாரு," என்று பாதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சரி. நான் நம்பறேன், இதை எழுதி அனுப்பறேன். உறுப்பினர் கவனக்குறைவுன்னு ஆனா கம்பெனி கொடுத்துத்தான் ஆகணும். டாக்டர்கிட்ட கேஸ் போட வேண்டாம்னு சொல்லுங்க."

பிறகு ஸ்கேல் வைத்து 'தாமாக முன்வந்து' என்பதை அடித்தார். அதற்கு மேலே, இடம் பற்றாமல், நுணுக்கி எழுதினார். 'நாற்பதாம் நாள், மறுப்புக் கடிதம் வந்ததன் காரணமாக.'

"அடிச்சுத் திருத்தின இடத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

காற்றுக்காரர் முதலில் போட்டார். பிறகு காகிதத்தை என் பக்கம் திருப்பி, விசிறிக் காற்றில் பறக்காமல் ஒரு மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் போட்டேன்.